பம்பு செட்டுக்கு எர்த்: குழாயைவிட மண்ணே முக்கியம்

பாசனக் கிணறு உள்ள தோட்டங்களில் மின்சார மோட்டாருக்கு எர்த் போடுவது பெரும்பாலும் ஒரு சடங்காகவே முடிந்து விடுகிறது. மின் இணைப்பு வாங்கும் சமயத்தில் கொட்டகைக்கு அருகே ஒரு குழி தோண்டி, அதில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, கரியும் உப்பும் கொட்டி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மூடி விடுகிறார்கள். அதன் பிறகு அந்தக் குழாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மோட்டாரையோ ஸ்டார்ட்டர் பெட்டியையோ தொட்டால் 'ஜிவ்' என்று இழுக்கிறது என்ற பேச்சு எழும்போதுதான் எர்த்தின் நினைவு வருகிறது. சில இடங்களில் அந்த நினைவு வருவதற்குள் ஓர் உயிர் போய் விடுகிறது.

குழாய் நட்டிருக்கிறது, கம்பியும் அறுபடாமல் இருக்கிறது, ஆகவே ஆபத்து இல்லை என்று விவசாயிகள் நினைப்பது இயல்பே. ஆனால் எர்த் வேலை செய்வதும் செய்யாததும் குழாயைவிட அதைச் சுற்றியுள்ள மண்ணைப் பொறுத்தது. ஒரே அளவுக் குழாய், ஒரே ஒயர்மேன் நட்டது, கரிசல் காட்டில் 4 ஓம் மின்தடை காட்டும். சரளை மேட்டில் 150 ஓமுக்கு மேல் காட்டும். முதலாவது ஓரளவு காப்பாற்றும். இரண்டாவது பெயருக்குத்தான் எர்த்.

இதை ஒரு சிறு கணக்கின் மூலம் விளங்கிக் கொள்ளலாம். 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஒன்று ஓடும்போது ஒவ்வொரு முனையிலும் சுமார் 7.5 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். அதற்கு 20 ஆம்பியர் பியூஸ் கம்பி போட்டிருப்பதாகக் கொள்வோம். ஒருநாள் கம்பிச் சுருளின் காப்பு கெட்டு, ஒரு முனையின் மின்சாரம் மோட்டாரின் இரும்பு உடலில் பாய்கிறது. உடலிலிருந்து எர்த் கம்பி வழியாகக் குழாய்க்கு, குழாயிலிருந்து மண்ணுக்கு, மண் வழியாக டிரான்ஸ்பார்மரின் எர்த்துக்கு என்று மின்சாரம் சுற்றி வர வேண்டும். தோட்டத்துக் குழாயின் தடை 20 ஓம், டிரான்ஸ்பார்மர் எர்த்தின் தடை 5 ஓம் என்றால் மொத்தம் 25 ஓம். 230 வோல்ட்டை 25 ஓமால் வகுத்தால் 9.2 ஆம்பியர் வருகிறது.

இந்த 9.2 ஆம்பியரால் 20 ஆம்பியர் பியூஸ் உருகாது. அந்தக் கம்பி உடனே உருக வேண்டுமானால் ஏறக்குறைய 40 ஆம்பியராவது பாய வேண்டும். எனவே பியூஸ் போகாமல் நிற்கும். மோட்டாரின் உடலில் 9.2 ஐ 20 ஆல் பெருக்கினால் வரும் 184 வோல்ட் தேங்கி நிற்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று அதைத் தொடுபவரின் உடல்தடை சுமார் 1000 ஓம் என்று கொண்டால், அவர் உடல் வழியே ஏறத்தாழ 180 மில்லி ஆம்பியர் பாயும். 50 மில்லி ஆம்பியர் ஒரு விநாடிக்கு மேல் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்று விடக்கூடும். எர்த் இருந்தும் மனிதர் இறப்பது இப்படித்தான்.

ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே துண்டிக்காதா என்று கேட்கலாம். சரியாக அமைத்திருந்தால் துண்டிக்கலாம். ஆனால் அதற்குச் சில விநாடிகள் முதல் சில நிமிடங்கள் வரை ஆகும். பழுது ஸ்டார்ட்டருக்கு முன்னால், மெயின் சுவிட்சின் இரும்புப் பெட்டியில் ஏற்பட்டால் ரிலேக்கு அது தெரியவே தெரியாது. பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டி வைத்திருக்கும் இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மண்ணின் தடைத்திறன்

மின்சாரத்தை மண் எவ்வளவு எதிர்க்கிறது என்பதை அளக்க ஒரு பொது அளவு உண்டு. ஒரு மீட்டர் நீளமும், ஒரு மீட்டர் அகலமும், ஒரு மீட்டர் உயரமும் உள்ள மண் கட்டி ஒன்றின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள மின்தடையே அந்த மண்ணின் தடைத்திறன் ஆகும். இதை ஓம் மீட்டர் என்ற அலகில் குறிப்பிடுவார்கள்.

உலர்ந்த மண் துகள்கள் மின்சாரத்தை அநேகமாகக் கடத்துவதில்லை. துகள்களுக்கு இடையே உள்ள நீரும், அந்த நீரில் கரைந்துள்ள உப்புகளுமே கடத்துகின்றன. களிமண்ணின் நுண்ணிய துகள்கள் நீரையும் பிடித்து வைக்கும், தங்கள் மேற்பரப்பில் உப்பு அயனிகளையும் பிடித்து வைக்கும். ஆகையால் களிமண் நன்றாகக் கடத்துகிறது. மணலும் சரளையும் நீரை விட்டு விடுவதால் கடத்துவதில்லை. பயிருக்கு ஈரம் பிடித்து வைக்கும் மண்தான் எர்த்துக்கும் நல்ல மண் என்று விவசாயிகள் நினைவில் கொள்ளலாம். களர், உவர் நிலங்கள் இதற்கு விலக்கு. அவை பயிருக்கு ஆகாதவை. எர்த்துக்கு மிக நல்லவை!

கடலோரத்து உவர் நிலத்தில் தடைத்திறன் 5 ஓம் மீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். ஈரமுள்ள கரிசலில் 5 முதல் 20 வரையும், ஆற்றுப் பாசன வண்டலில் 20 முதல் 100 வரையும் இருக்கும். மேட்டு நிலத்துச் செம்மண்ணில் 50 முதல் 200 வரை காணலாம். சரளை கலந்த மண்ணிலும் காய்ந்த தேரி மணலிலும் 500, 1000 என்று ஏறிவிடும். கடும்பாறை பல ஆயிரம் ஓம் மீட்டர். இவை சுமாரான அளவுகளே. ஒரே புன்செய்க் காட்டில் கிழக்கு மூலைக்கும் மேற்கு மூலைக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

இந்தத் தடைத்திறன் தெரிந்து விட்டால், குழாயின் தடையை நடுவதற்கு முன்பே கணித்து விடலாம். வழக்கமாக நடும் 40 மில்லி மீட்டர் விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள குழாய்க்கு, தடைத்திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடை வரும். தடைத்திறன் 60 என்றால் குழாயின் தடை சுமார் 20 ஓம். 300 என்றால் 100 ஓம். முன்பு சொன்ன 20 ஆம்பியர் பியூஸ் உருக, சுற்று முழுவதற்கும் சேர்த்து 6 ஓமுக்கு உள்ளாக இருக்க வேண்டும். டிரான்ஸ்பார்மர் எர்த்துக்கு அதில் பாதியை விட்டுவிட்டால் தோட்டத்துக் குழாய்க்கு 3 ஓம்தான் மிஞ்சும். ஒற்றைக் குழாயில் 3 ஓம் கிடைக்கத் தடைத்திறன் 10க்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஈரக்கரிசலையும் உவர் நிலத்தையும் விட்டால் வேறு எங்கே அது கிடைக்கும்?

கோடையில் மண் மாறிவிடும்

ஈரம் குறைந்தால் தடைத்திறன் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மணல் கலந்த ஒருவகை வண்டலில் ஈரம் 20 சதவீதம் இருக்கும்போது தடைத்திறன் 63 ஓம் மீட்டர். ஈரம் 10 சதவீதமாகக் குறைந்தால் 185. ஈரம் 5 சதவீதமானால் 430. ஐப்பசி மழையில் சோதித்து 'நன்றாக இருக்கிறது' என்று சான்று தரப்பட்ட எர்த், சித்திரையில் ஏழில் ஒரு பங்குகூட வேலை செய்யாமல் போகலாம் என்பது இதன் பொருள். எனவே மண்ணைச் சோதிக்க ஏற்ற காலம் சித்திரை, வைகாசி மாதங்களே. மழை பெய்த மறுநாளோ, பாத்திக்குத் தண்ணீர் கட்டிய அன்றோ எடுத்த அளவை நம்பக் கூடாது.

மண் பரிசோதனை அட்டையில் 'மின் கடத்தும் திறன்' என்று ஓர் அளவு இருக்கிறதே, அதை வைத்து இதைக் கணக்கிட முடியாதா என்று சிலர் கேட்கிறார்கள். தடைத்திறனும் கடத்தும் திறனும் ஒன்றுக்கொன்று தலைகீழானவை என்பது உண்மையே. ஆனால் பரிசோதனைச் சாலையில் மண்ணை உலர்த்திச் சலித்து, அளவாகத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி அளக்கிறார்கள். உப்பு எவ்வளவு என்று அறிவதே அதன் நோக்கம். காட்டில் அதே மண் எவ்வளவு ஈரத்தோடு, எவ்வளவு இறுக்கத்தோடு கிடக்கிறது என்பதை அது சொல்லாது. மேலும் அந்த மாதிரி மேல் அரை அடி மண்ணில் எடுத்தது. எர்த் குழாயோ எட்டு அடி ஆழம் போகிறது. எனவே நிலத்திலேயே அளந்தால்தான் உண்டு.

பல்பு எரிந்தால் போதுமா?

கிராமங்களில் எர்த்தைச் சோதிக்க ஒரு வழி பழக்கத்தில் இருக்கிறது. ஒரு முனைக் கம்பியிலிருந்து 100 வாட் பல்பின் ஒரு பக்கத்துக்கும், மறுபக்கத்திலிருந்து எர்த் குழாய்க்கும் இணைப்புக் கொடுக்கிறார்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுகிறார்கள். இந்த முடிவு முற்றிலும் தவறானது.

எரியும் 100 வாட் பல்பின் சொந்தத் தடையே சுமார் 530 ஓம். எர்த் குழாயின் தடை 20 ஓம் என்றால் பல்புக்கு 221 வோல்ட் கிடைக்கும். 60 ஓம் என்றாலும் 206 வோல்ட் கிடைக்கும். அருகில் வேறொரு பல்பை எரியவிட்டு ஒப்பிட்டால் ஒழிய இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பழுது நேரும்போது 20 ஓமுக்கும் 60 ஓமுக்கும், ஏன், 3 ஓமுக்கும் 20 ஓமுக்கும் உள்ள வித்தியாசம்தான் உயிர்ப் பிரச்சினை. இப்போது குண்டு பல்புக்குப் பதில் எல்.இ.டி. பல்பு வைத்துச் சோதிக்கிறார்கள். அது இன்னும் மோசம். சில பத்து மில்லி ஆம்பியரே அதற்குப் போதும் என்பதால் எர்த்தின் தடை 1000 ஓமாக இருந்தாலும் பளிச்சென்று எரியும்.

பம்பு செட் கொட்டகையில் விளக்குப் போட நியூட்ரல் கம்பி இல்லை என்று எர்த் குழாயிலேயே இணைத்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள். 60 ஓம் குழாயில் ஒரே ஒரு 100 வாட் பல்பு எரிந்தாலும் குழாயிலும் அதனோடு இணைந்த மோட்டார் உடலிலும் 23 வோல்ட் எப்போதும் நிற்கும். எர்த் கம்பி எங்காவது அறுந்தால், பல்பு வழியாக வரும் மின்சாரம் முழுதும் மோட்டார் உடலுக்கு வந்துவிடும். இந்தப் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

நான்கு முளை முறை

மண்ணின் தடைத்திறனை நிலத்திலேயே அளக்கும் எளிய முறையை 1915ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் தர நிர்ணய அலுவலகத்தைச் சேர்ந்த பிராங்க் வென்னர் என்ற விஞ்ஞானி வெளியிட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இன்றும் அதுவே பழக்கத்தில் இருக்கிறது. கிணறு வெட்டவும் ஆழ்குழாய் இறக்கவும் இடம் பார்க்க வருகிறவர்கள் காட்டில் நீளமாக ஒயரை இழுத்து, இரும்பு முளைகளை அடித்து, ஒரு பெட்டியில் முள்ளைப் பார்த்துக் குறிப்பதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். அதுவும் இதே தத்துவம்தான். நீரோட்டம் பார்க்க 100 மீட்டர் ஆழம் வரை துழாவ வேண்டும். எர்த்துக்கு 8 அல்லது 10 மீட்டர் போதும்.

எர்த் மெக்கர் என்ற கருவியில் நான்கு முனைகள் உள்ள வகை இதற்குத் தேவை. முதலில் நான்கு இரும்பு முளைகளை ஒரே நேர்க்கோட்டில், ஒன்றுக்கொன்று சமமான இடைவெளியில் அடிக்க வேண்டும். வெளி முளைகள் இரண்டின் வழியாகக் கருவி மின்சாரத்தைச் செலுத்துகிறது. உள் முளைகள் இரண்டுக்கும் இடையே எழும் மின்னழுத்தத்தை அளக்கிறது. பின்னதை முன்னதால் வகுத்து, ஓம் கணக்கில் காட்டி விடுகிறது. அந்த எண்ணை முளை இடைவெளியாலும் 6.28 ஆலும் பெருக்கினால் தடைத்திறன் கிடைத்து விடும். இடைவெளி 2 மீட்டர், கருவி காட்டுவது 7 ஓம் என்றால் 6.28 × 2 × 7 = 88 ஓம் மீட்டர் ஆகும்.

ஏன் நான்கு முளை, இரண்டு போதாதா? மின்சாரம் மண்ணுக்குள் நுழையும் இடத்தில், முளைக்கும் மண்ணுக்கும் இடையே பெரிய தடை ஏற்படுகிறது. இரண்டு முளைகளை மட்டும் வைத்து அளந்தால் அந்தத் தடையைத்தான் அளப்போமே தவிர மண்ணை அல்ல. மின்சாரம் செலுத்தும் வேலையை இரண்டு முளைகளுக்கும், அழுத்தம் பார்க்கும் வேலையை வேறு இரண்டு முளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தபோது இந்தக் குழப்பம் நீங்கியது.

முளையை ஆழமாக இறக்கக் கூடாது. இடைவெளியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் கணக்குத் தவறும். ஒரு மீட்டர் இடைவெளிக்கு இரண்டு அங்குலம் போதும். கோடையில் மேல்மண் காய்ந்திருந்தால் முளை இறங்கிய இடத்தில் மட்டும் ஒரு கைத் தண்ணீர் விடலாம். சுற்றிலும் நனைத்து விடக் கூடாது. கம்பி வேலி, புதைத்த இரும்புக் குழாய், பழைய ஆழ்குழாயின் இரும்பு உறை ஆகியவற்றுக்கு இணையாக முளை வரிசை போனால், மின்சாரம் மண்ணை விட்டு இரும்பில் ஓடி, இல்லாத நல்ல மண்ணைக் காட்டி விடும். அவற்றிலிருந்து விலகிக் குறுக்காக வரிசை அமைக்க வேண்டும். ஒரு திசையில் எடுத்த அளவை அதற்குச் செங்குத்தான திசையிலும் ஒருமுறை எடுத்து ஒப்பிடுவது நல்லது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அடியில் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

இந்த முறையின் சிறப்பு, குழி தோண்டாமலே ஆழத்தைப் பார்க்க முடிவதுதான். முளைகளின் இடைவெளியை அகட்ட அகட்ட மின்சாரம் மேலும் ஆழமாக இறங்கிச் செல்கிறது. சுமாராக, இடைவெளி எவ்வளவோ அவ்வளவு ஆழம் வரையுள்ள மண்ணின் கூட்டு அளவு கிடைக்கிறது என்று கொள்ளலாம். ஆகையால் 1, 2, 4, 8 மீட்டர் என்று நான்கு இடைவெளிகளில் அளந்து, நான்கு எண்களையும் வரிசையாக எழுத வேண்டும். ஒரே ஓர் அளவோடு திரும்புவது அரை வேலை.

இரண்டு தோட்டங்கள்

பாறை மேல் செம்மண் படிந்த மேட்டு நிலத் தோட்டம் ஒன்றை எடுத்துக் கொள்வோம். கருவி 1 மீட்டரில் 9.5 ஓமும், 2 மீட்டரில் 7 ஓமும், 4 மீட்டரில் 6 ஓமும், 8 மீட்டரில் 5.2 ஓமும் காட்டுகிறது. கருவியின் எண் இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்து ஆழத்தில் நல்ல மண் என்று ஏமாந்து விடக் கூடாது. பெருக்கிப் பார்த்தால் தடைத்திறன் 60, 88, 151, 261 என்று ஏறுகிறது. கீழே பாறை இருக்கிறது. இங்கே நீளமான குழாயை வரவழைத்து, கம்ப்ரசர் வைத்துத் துளை போட்டு இறக்குவது வீண் செலவு.

தேரி ஓரத்து மணல் தோட்டம் ஒன்றில் அதே இடைவெளிகளில் 40, 12, 3.2, 1.2 ஓம் வருகிறது. தடைத்திறன் 251, 151, 80, 60 என்று இறங்குகிறது. மேலே காய்ந்த மணல், கீழே ஈரம். இங்கே 2.5 மீட்டர் குழாய் பாதிக்கு மேல் காய்ந்த மணலிலேயே நிற்கும். 5 அல்லது 6 மீட்டர் ஆழம் இறக்கினால் பலன் உண்டு. அதோடு அடிமண் கோடையிலும் காயாது என்பதால் பருவத்துக்குப் பருவம் மாறுவதும் குறையும்.

ஒரு மீட்டரில் மட்டும் அளந்திருந்தால் முதல் தோட்டம் நல்லது, இரண்டாவது மோசம் என்று தோன்றியிருக்கும். உண்மையில் 8 மீட்டரில் பார்த்தால் நிலைமை தலைகீழ்.

பாறை உள்ள தோட்டத்தில் என்ன செய்யலாம்? குழாயைத் தடிப்பாக்குவது பயன் தராது. விட்டத்தை இரு மடங்கு ஆக்கினாலும் தடை எட்டில் ஒரு பங்குதான் குறையும். அந்தப் பணத்தில் இரண்டாவது குழாயை நடலாம். இரண்டு குழாய்களுக்கும் இடையே குறைந்தது 5 மீட்டர் இருக்க வேண்டும். அப்படி நட்டால் தடை பாதிக்குச் சற்று மேலாக இறங்கும். நான்கு குழாய்கள் என்றால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வரும். பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி நட்டால் இரண்டும் ஒரே மண்ணுக்குப் போட்டியிடும், பலன் கிடைக்காது. மேல்மண் நன்றாகவும் அடியில் பாறையாகவும் உள்ள நிலத்தில் இதைவிடச் சிறந்த வழி, துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையைப் படுக்கையாகப் புதைப்பது. இரண்டடி ஆழத்தில் 20 மீட்டர் நீளம் புதைத்த பட்டை, ஒரே சீரான மண்ணில் ஒற்றைக் குழாயின் தடையில் கால் பங்குதான் காட்டும். வாய்க்கால் கரையை ஒட்டிப் புதைத்தால் ஈரம் அற்றுப் போகாது. உழவுக் கலப்பைக்கு எட்டாத ஆழம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

கரியும் உப்பும் பற்றி ஒரு வார்த்தை. குழாயின் மொத்தத் தடையில் ஏறத்தாழ பாதி, அதைச் சுற்றியுள்ள முதல் ஓர் அடி மண்ணிலேயே இருக்கிறது. அந்த ஓர் அடியை மாற்றினால் பலன் கிடைப்பது இயற்கை. மணல் வண்டலில் 0.1 சதவீதம் உப்புச் சேர்த்தாலே தடைத்திறன் 107இலிருந்து 18க்கு இறங்குகிறது. ஆனால் உப்பு மழையில் கரைந்து போய்விடும். இரண்டு மூன்று ஆண்டுகளில் பழைய நிலை திரும்பும். போகிற போக்கில் இரும்புக் குழாயையும் அரித்துத் தின்று விடும். தென்னை, வாழை வேர் எட்டும் இடத்தில் உப்பைக் கொட்டுவதும் நல்லதல்ல. பெண்டோனைட் என்னும் களிமண் தூளைக் குழைத்து நிரப்பினால் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், கரையாது, அரிக்காது. கிடைக்காத இடத்தில் குளத்துக் களிமண்ணைக் கல் இல்லாமல் இடித்து நிரப்புவது வெறும் சரளையை மறுபடி தள்ளி மூடுவதைவிட மேல்.

எர்த் மட்டும் போதாது

இவ்வளவு செய்தும் செம்மண் மேட்டில் 6 அல்லது 7 ஓமுக்குக் கீழே இறக்குவது கடினம். பியூஸை உருக்க அது போதாது. எனவே எந்த மண்ணாக இருந்தாலும், குறிப்பாகத் தடைத்திறன் 10 ஓம் மீட்டருக்கு மேல் அளந்த எல்லா நிலங்களிலும், மின்கசிவு துண்டிப்பான் ஒன்றைப் பொருத்துவது அவசியம். இ.எல்.சி.பி. என்றும் ஆர்.சி.சி.பி. என்றும் கடைகளில் சொல்லப்படுவது இதுவே. போகும் மின்சாரத்துக்கும் திரும்பும் மின்சாரத்துக்கும் வித்தியாசம் ஏற்பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். 100 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கருவி ஒன்று, எர்த்தின் தடை 500 ஓமாக இருந்தாலும், மோட்டார் உடலில் 50 வோல்ட்டுக்கு மேல் நிற்க விடாது.

அப்படியானால் எர்த்தும் மண் அளவையும் எதற்கு என்று கேட்கத் தோன்றும். கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வழி இருந்தால்தான், ஒரு மனிதர் தொடுவதற்கு முன்பே துண்டிப்பான் வேலை செய்யும். எர்த்தே இல்லாவிட்டால் அதற்கு முதல் வழி அந்த மனிதரின் உடம்புதான். அதோடு துண்டிப்பானும் ஒரு கருவியே. பல்லி புகுந்தும், துரு ஏறியும், இடி விழுந்தும் கெட்டுப் போகும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று அதை நீக்கி நேராக இணைப்பது, நாய் குரைக்கிறது என்று அடித்துத் துரத்தி விட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பது போலாகும்.

எர்த்தை நியூட்ரலோடு தோட்டத்திலேயே இணைத்து விட்டால் தடை குறையுமே என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. வழியில் எங்காவது நியூட்ரல் கம்பி அறுந்தால் மோட்டார் உடல் முழுதும் மின்சாரம் ஏறிவிடும். அந்த யோசனையை ஏற்கக் கூடாது. மோட்டார் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு கம்பிகளையும் ஒரே குழாயில் ஒரே போல்ட்டில் முறுக்கி விட்டு, விதியை நிறைவேற்றி விட்டதாகச் சொல்ல முடியாது.

நீர்மூழ்கி மோட்டார்கள் வந்த பிறகு இன்னொரு மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. முன்பு இரும்புக் குழாயில் மோட்டாரை இறக்கும்போது அந்தக் குழாயே கிணற்று நீரோடு தொடர்புள்ள ஒரு நல்ல எர்த்தாக இருந்தது. இப்போது பிளாஸ்டிக் குழாயில் இறக்குகிறார்கள். மூன்று முனை ஒயர் மட்டும் கூடப் போகிறது. தனியாக ஓர் எர்த் கம்பியை மோட்டார் உடலிலிருந்து மேலே கொண்டு வந்தால் ஒழிய அதற்கு எர்த் இல்லை. திறந்த கிணற்றில் இத்தகைய மோட்டார் இருக்குமானால், குளிக்கவோ தூர் வாரவோ இறங்குவதற்கு முன் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுதான் இறங்க வேண்டும்.

கால்நடை வைத்திருப்போருக்கு இன்னொரு செய்தி. பழுதான நேரத்தில் மின்சாரம் மோட்டார் உடலில் மட்டும் நிற்பதில்லை. குழாயைச் சுற்றியுள்ள தரையிலும் பரவுகிறது. குழாயில் 184 வோல்ட் இருந்தால் ஓர் அடி தள்ளித் தரையில் ஏறத்தாழ 90 வோல்ட் இருக்கும். ஆறடி தள்ளி 40 வோல்ட்டுக்கும் குறையும். அங்கே நிற்கும் மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே 50 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வருகிறது. மனிதருக்குக் காலோடு காலாகப் போய்விடும் மின்சாரம், மாட்டுக்கு நெஞ்சு வழியாகப் பாய்கிறது. மாடு யாரையும் தொடாமலே, எதையும் தொடாமலே விழுவதற்குக் காரணம் இதுதான். எர்த் குழாய்க்கும் மின்கம்பத்தின் இழுவைக் கம்பிக்கும் அருகில் மாடு கட்டக் கூடாது. தொட்டிக்கும் கட்டுத்தறிக்கும் எதிர்ப்புறத்தில் எர்த் குழிக்கு இடம் தேட வேண்டும்.

அளக்கும் கருவி ஒவ்வொரு விவசாயியிடமும் இருக்க வேண்டியதில்லை. உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்களிடம் எர்த் மெக்கர் இருக்கும். நான்கு முனைக் கருவியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து விவசாயிகள் சேர்ந்து ஒரே நாளில் அழைத்தால் செலவு குறையும். ஒரு தோட்டத்தில் நான்கு இடைவெளிகளிலும் அளக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆழ்குழாய்க்கு இடம் பார்க்க ஆள் வரும்போதே கொட்டகைப் பக்கத்திலும் சிறு இடைவெளிகளில் அளந்து தரச் சொன்னால் தனிச் செலவே இல்லை.

குழாய் நட்ட பிறகு அதன் தடையையும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். மின்சாரத்தை முழுதும் நிறுத்தி, எர்த் கம்பியைக் குழாயிலிருந்து கழற்றிய பின்பே இதைச் செய்யலாம். 30 மீட்டர் தூரத்தில் ஒரு முளையும், அதே கோட்டில் 18 அல்லது 19 மீட்டரில் மற்றொரு முளையும் அடித்து அளக்கிறார்கள். நடு முளையை இரண்டு மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தினாலும் எண் அதிகம் மாறாதிருந்தால் அளவு சரி. வந்த எண்ணைத் தேதியோடு கொட்டகைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்து, அடுத்த சித்திரையில் மறுபடி அளக்கும்போது அதன் கீழேயே புது எண்ணையும் எழுத வேண்டும். எண் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருந்தால் குழாயைத் தோண்டிப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டாக இருந்தால் மாற்றினால் போதும். குழாயே இற்றுப் போயிருந்தால் புதுக்குழாய் நட வேண்டும்.